பச்சைக் கோட்டுக்குச் சம்மதித்தவர்: மர்ஹூம் டி.பி. ஜாயாவும் நமது தேசியக்கொடியும்

ஒவ்வொரு பெப்ரவரி 4ஆம் திகதியும் நமது பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் கடைவீதிகளிலும் தேசியக்கொடி ஏற்றப்படுகிறது. அதிலுள்ள பச்சைக் கோடு முஸ்லிம்களுக்குரியது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கோடு அங்கே எப்படி வந்தது, நமது சார்பில் அதற்குச் சம்மதித்தவர் யார் என்று கேட்டால் பெரியவர்களில் பலரும் பதில் சொல்ல மாட்டார்கள். அவர் மர்ஹூம் துவான் புர்ஹானுதீன் ஜாயா. சுருக்கமாக டி.பி. ஜாயா. அவருடைய வாழ்க்கையை அறிந்தால்தான் அந்தக் கொடியை நாம் எந்த மனதோடு பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும்.

1890 ஜனவரி முதலாம் திகதி கண்டி மாவட்டத்துக் கலகெதரவில் ஒரு மலாய்க் குடும்பத்தில் ஜாயா பிறந்தார். கண்டியில் தொடங்கிய படிப்பு கொழும்பு புனித தோமையார் கல்லூரியில் தொடர்ந்தது. பின்னர் ஆசிரியரானார். கண்டி தர்மராஜக் கல்லூரி, மொரட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரி, கொழும்பு ஆனந்தக் கல்லூரி என்று அவர் கற்பித்த இடங்களைப் பாருங்கள். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த முஸ்லிம் ஒருவர் பௌத்தக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்திருக்கிறார். 1915ஆம் ஆண்டு முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது அவருக்கு 25 வயது. அந்தக் கலவரத்தைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அதற்குப் பிறகும் சிங்களப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை விட்டுவிடவில்லை.

1921 செப்டம்பரில் மருதானை சாஹிராக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார். சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார், ஒராபி பாஷா போன்றோரின் முயற்சியால் 1892இல் தொடங்கப்பட்ட அந்தப் பாடசாலை அப்போது மிகச் சிறியதாகவே இருந்தது. சுமார் கால் நூற்றாண்டு அதிபராக இருந்து அதை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக அவர் உயர்த்தினார். நாட்டின் பல பாகங்களிலும் சாஹிராவின் கிளைகள் தோன்றின. தமிழரும் சிங்களவரும் அங்கே கற்றார்கள், கற்பித்தார்கள்.

அப்படிக் கற்பித்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையைச் சேர்ந்த முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் இயற்றிய தேசிய கீதத்தை இன்று நாம் பாடும் தமிழ் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். தேசிய கீதத்தின் தமிழ் வடிவத்தை ஆக்கியவர் சாஹிராவின் ஆசிரியர் அறையில் இருந்தவர். தேசியக்கொடியின் பச்சைக் கோட்டுக்குச் சம்மதித்தவர் அதே கல்லூரியின் அதிபர் நாற்காலியில் இருந்தவர். இந்த இரண்டையும் சேர்த்து நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஜாயாவின் அரசியல் 1924இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானதோடு தொடங்கியது. அப்போது முஸ்லிம்களுக்கென்று தனித் தொகுதி முறை இருந்தது. டொனமூர் யாப்பு அதை நீக்கியது. 1931 தேர்தலில் அவர் தோற்றார். பெரும்பான்மை வாக்கின் முன்னால் சிறுபான்மை வேட்பாளரின் நிலை என்னவென்பதை அவர் தோல்வியில் படித்தவர். 1936இல் நியமன உறுப்பினராக மீண்டும் சபைக்கு வந்தார். முஸ்லிம் லீக்கின் தலைவராக இருந்து சமூகத்தின் உரிமைகளுக்காக வாதாடினார்.

பிறகு வந்தது 1945 நவம்பர். சோல்பரி ஆணைக்குழுவின் பின் பிரித்தானிய அரசு முன்வைத்த வெள்ளை அறிக்கையை ஏற்பதா இல்லையா என்ற வாக்கெடுப்பு. சிறுபான்மையினருக்குப் போதிய காப்பீடுகள் இல்லை என்ற கவலை பலரிடமும் இருந்தது. நிபந்தனை விதித்துப் பேரம் பேச ஜாயாவுக்கு வாய்ப்பும் இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. நாட்டின் விடுதலை என்ற இடத்தில் தன் சமூகம் தனக்கென்று எதையும் கேட்டு நிற்காது என்ற கருத்தில் பேசி ஆதரவாக வாக்களித்தார். 51 பேர் ஆதரித்த அந்தத் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் மூவர் மட்டுமே.

இது பெருந்தன்மையா, ஏமாளித்தனமா என்ற விவாதம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. பதில் தேடும் முன் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும்.

1947 தேர்தலில் மத்திய கொழும்புத் தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராக ஜாயா வென்று, முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சரானார். 1948 ஜனவரியில், கண்டி அரசனின் சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்ற பிரேரணை பாராளுமன்றத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை, ஒரு முஸ்லிம். தமிழ் உறுப்பினர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. சிங்கம் ஓர் இனத்தின் சின்னம், முழு நாட்டின் சின்னமல்ல என்பது அவர்களின் வாதம்.

பெப்ரவரி 4ஆம் திகதி சிங்கக் கொடி ஏறியது. மார்ச் மாதம் கொடியைப் பற்றி ஆராய எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் குழு அமைந்தது. ஜே.ஆர். ஜயவர்தன, ஜோன் கொத்தலாவல, எல்.ஏ. ராஜபக்ஷ, ஜீ.ஜீ. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோருடன் ஜாயாவும் அதில் இருந்தார். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான செயலாளர். குழு கண்ட முடிவு, சிங்கக் கொடியை அப்படியே வைத்து அதன் ஓரத்தில் தமிழருக்குக் காவி நிறத்திலும் முஸ்லிம்களுக்குப் பச்சையிலும் சம அளவான இரு கோடுகளைச் சேர்ப்பது. நடேசன் மட்டும் இணங்கவில்லை. சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே சிறுபான்மையினரை ஒட்டவைக்கும் கொடி ஒற்றுமையின் அடையாளமாகாது என்பதே அவருடைய நிலைப்பாடு. பொன்னம்பலமும் ஜாயாவும் இணங்கினார்கள். 1951 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகி அன்றோடு 136 ஆண்டுகள்.

ஜாயாவைப் புகழ்வதற்காக ஒன்றை மறைக்கக் கூடாது. கொடிக் குழு கூடிக்கொண்டிருந்த அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்த அமைச்சரவையில் அவரும் இருந்தார். காவிக் கோட்டைக் கொடியில் சேர்த்த கைகள் அந்தக் கோட்டுக்குரிய இலட்சக்கணக்கான மக்களைக் குடிமக்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. துணியில் இடம் கிடைப்பதால் மட்டும் சட்டத்தில் இடம் கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இந்தக் கதையை வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்று பார்த்தால் இன்னொரு பக்கம் தெரியும். 1938இல் அந்த ஊர்க் கைவினைஞர் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்றது. கடலோடிகளுக்குக் கொடி என்பது கலம் எந்த நாட்டுடையது என்று காட்டும் அடையாளம். அதே ஊரில் 1954 நவம்பரில், புதிய தேசியக்கொடி ஏற்கப்பட்டு நான்கு வருடங்கள்கூட ஆகாத நேரத்தில், வேலுப்பிள்ளை பிரபாகரன் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிறையும் முன்பே தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 சுதந்திர தினத்தன்று திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்ற முனைந்த நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கக் கொடிக்கு எதிராகப் புலிக்கொடி எழுந்தது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை மக்களைக் கொன்ற இந்தியப் படை மூவர்ணக் கொடியின் கீழ் வந்தது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் பிரித்தானியக் கொடி, சிங்கக் கொடி, மூவர்ணக் கொடி, புலிக்கொடி ஆகிய நான்கையும் அந்தச் சிறிய ஊர் பார்த்துவிட்டது.

நமக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டது புலிக்கொடியின் பெயரால். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒடுக்கப்பட்டவர்களின் கொடி என்று எழுந்த கொடியில் நமக்கு ஒரு கோடுகூட இருக்கவில்லை. அளுத்கமையிலும் திகனயிலும் நம் கடைகள் எரிந்தபோது தேசியக்கொடியில் பச்சைக் கோடு இருந்தது, ஆனால் அது நெருப்பைத் தடுக்கவில்லை. 2015இல் கொழும்பு ஆர்ப்பாட்டம் ஒன்றில் பச்சையும் காவியும் நீக்கப்பட்ட கொடியைச் சிலர் தூக்கினார்கள். நடேசன் அஞ்சியது வீண் அச்சமல்ல என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

கீதத்துக்கும் இதே கதிதான். சொற்களின் சகுனம் சரியில்லை என்று 1961இல் சமரக்கோனின் சம்மதமின்றி அவருடைய முதல் வரியை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நல்லதம்பியின் தமிழ் வடிவம் அரசியலமைப்பில் இடம்பெற்றும், தேசிய சுதந்திர தின விழாவில் பல தசாப்தங்கள் ஒலிக்கவில்லை. 2016இல் ஒலித்தது, 2020இல் நிறுத்தப்பட்டது, பின்னர் மீண்டும் ஒலித்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் மாறுகிற ஒன்றை எப்படி உரிமை என்பது?

அப்படியானால் ஜாயா தவறிழைத்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. கொடியில் கோடு பெற்றதை அவர் வெற்றியாக எண்ணிப் படுத்துவிடவில்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கக்கூடிய படித்த சமூகம் ஒன்றை உருவாக்க அவர் தன் இளமை முழுவதையும் செலவிட்டிருந்தார். சாஹிராவை அவருக்குப் பின் ஏற்றவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். ஜாயா நம்பிக்கை கொடுத்தார். நம்பிக்கை என்பது அமானிதம். அமானிதத்தைப் பேணாவிட்டால் குற்றம் பெற்றுக்கொண்டவருடையது, ஒப்படைத்தவருடையது அல்ல. ஆனால் கொடுத்ததைக் கேட்டு வாங்கும் கடமை ஒப்படைத்தவரின் வாரிசுகளான நமக்கு உண்டு.

இன்று நம்மில் பலர் கொடி ஏற்றுவது அச்சத்தினால். 2019க்குப் பிறகு விசுவாசத்தை நிரூபிக்கும் சான்றிதழ் போலப் பள்ளிவாசல் வாசலில் அதைக் கட்டுகிறோம். ஜாயா சம்மதித்தது அதற்காக அல்ல. பங்காளி ஒருவரின் தகுதியோடுதான் அவர் அந்த மேசையில் அமர்ந்தார். ஆகவே கொடியை ஏற்றுவோம், பங்காளிகளாக. தமிழில் கீதம் பாடுவதைச் சலுகையாகக் கேட்காமல் உரிமையாகப் பாடுவோம். வல்வெட்டித்துறைப் பிள்ளை அந்தக் கொடியைப் பார்த்து முகம் திருப்பினால் அதைத் துரோகம் என்று சொல்லாமல், அந்த ஊர் கண்டதைக் கேட்போம். நமது 1990ஐயும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வோம். ஆசிரியர்கள் இதை வகுப்பறையில் செய்யலாம். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

1950இல் அமைச்சுப் பதவியை விட்டுப் பாகிஸ்தானுக்கான இலங்கையின் முதலாவது உயர்ஸ்தானிகராகச் சென்ற ஜாயா, புனித யாத்திரை போன இடத்தில் 1960 மே 31ஆம் திகதி மதீனாவில் வபாத்தானார். ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார். நாட்டின் கொடியில் தன் சமூகத்துக்கு ஒரு நிறம் பெற்றவரின் கப்ரின் மேல் எந்தக் கொடியும் இல்லை. அல்லாஹ் அவருடைய பணிகளைப் பொருந்திக்கொண்டு, அவர் ஒப்படைத்த அமானிதத்தைக் கேட்டு வாங்கும் தைரியத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.