104 பாடல்களில் ஒரு வாழ்க்கை

குரல் வளம் பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், வரம் வாய்த்த எல்லாரும் உயர்ந்துவிடுவதில்லையே, ஏன்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்த இடம் சற்றுத் தொலைவானது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமங்களில் பிடிலும் கிட்டாரும் கொண்டு வளர்ந்து, வானொலி வழியே நாடெங்கும் பரவிய ‘கன்ட்ரி’ இசை அது. அந்த இசையின் தலைசிறந்த பாடகிகளுள் ஒருவர் பேட்சி கிளைன். முப்பதே வயதில் மறைந்தவர்.

1991-ஆம் ஆண்டில் எம்.சி.ஏ. நிறுவனம் அவருடைய பாடல்களை நான்கு குறுந்தட்டுகளில், ‘த பேட்சி கிளைன் கலெக்‌ஷன்’ என்னும் பெயரில் வெளியிட்டது. மொத்தம் 104 பதிவுகள். புகழ்பெற்ற பாடல்களை மட்டும் பொறுக்கித் தரும் தொகுப்புகள் ஒரு கலைஞரின் சிகரத்தை மட்டுமே காட்டும். இந்தத் தொகுப்போ, தொடக்க கால வானொலிப் பதிவுகள் முதல் இறுதிப் பதிவுகள் வரை அவர் ஏறிவந்த பாதை முழுவதையும் காட்டுகிறது. ஆகவே, எதையும் தாண்டிச் செல்லாமல் முதலிலிருந்து கேட்பது என்று முடிவு செய்தேன்.

வர்ஜீனியா மாநிலத்தின் வின்செஸ்டர் நகரில் 1932 செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் அவர். இயற்பெயர் வர்ஜீனியா பேட்டர்சன் ஹென்ஸ்லி. பதின்ம வயதிலேயே தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றார். தாயார் ஹில்டா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மூத்த மகளான இவரோ பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, மருந்துக் கடையொன்றின் குளிர்பானப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் பாட்டு. மேடையில் அவர் அணிந்த உடைகளைத் தைத்துத் தந்தவரும் தாயார்தான். இசைப் பள்ளியில் பயின்றவர் அல்லர். இசைக் குறியீடுகளைப் படிக்கவும் தெரியாதவர்.

1954 செப்டம்பரில் ‘ஃபோர் ஸ்டார்’ என்னும் நிறுவனத்தோடு அவர் ஈராண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 22. அதில் இருந்த ஒரு விதியைக் கவனியுங்கள்: அந்த நிறுவனத்திற்குப் பதிப்புரிமை உள்ள பாடல்களை மட்டுமே அவர் ஒலிப்பதிவு செய்யலாம். பாடல் விற்றால் பதிப்புரிமைப் பணம் நிறுவனத்திற்குச் செல்லும். பாடகிக்குக் கிடைப்பதோ மிகச் சிறிய பங்கு. ஈராண்டு ஒப்பந்தம் நீண்டு 1960 வரை அவரைப் பிடித்துவைத்தது. அந்தக் காலத்தில் அவர் பதிவு செய்தவை 51 பாடல்கள். அவற்றுள் பெருவெற்றி பெற்றது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று ‘வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்’. அவர் முதலில் விரும்பாத பாடல் அது. 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரே நடத்திய தொலைக்காட்சித் திறனாய்வு நிகழ்ச்சியில் அதைப் பாடி வென்றார். கன்ட்ரி தரவரிசையில் அது இரண்டாம் இடத்தைப் பிடித்தது. நாடு முழுவதும் அவர் பெயரை அறிந்தது. ஆனால், அடுத்து வந்த பாடல்கள் வரிசையாகத் தோற்றன. தொகுப்பின் இந்தப் பகுதியைக் கேட்கும்போது எனக்கு ஒருவித மூச்சுத் திணறலே ஏற்பட்டது. குரலில் குறையில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியும் கைதேர்ந்தவர். ஒரு பாடலில் ராக் அண்ட் ரோல் தாளம், மற்றொன்றில் பக்தி இசை என்று எல்லா வழிகளையும் முயன்று பார்த்தார். ஆனால், பாடல்கள் பலவும் சாரமற்றவை. நல்ல சமையல்காரருக்கு அழுகிய காய்கறியை மட்டுமே கொடுத்தால் அவர்தாம் என்ன செய்வார்?

1960-இல் ஒப்பந்தம் முடிந்தது. அவர் நேரடியாக டெக்கா நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘ஐ ஃபால் டு பீசஸ்’ பதிவாயிற்று. அதே குரல், அதே தயாரிப்பாளர், அதே நாஷ்வில் நகரம். மாறியது ஒன்றுதான்: இனி எந்தப் பாடலாசிரியரின் படைப்பையும் அவர் பாடலாம். தொகுப்பைக் கேட்பவருக்கு இந்த இடத்தில் பூட்டிய கதவொன்று திறந்தது போல் இருக்கும்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். சுதந்திரம் கிடைத்தவுடன் அவர் தம் விருப்பப்படியே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. ‘ஐ ஃபால் டு பீசஸ்’ பாடலை ஏற்க அவர் தயங்கினார். வில்லி நெல்சன் எழுதிய ‘கிரேசி’ பாடலும் முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. பிராட்லி வாதாடி இணங்க வைத்தார். ஆனால், வாதாடுவதற்கு முதலில் நல்ல பாடல் மேசைமேல் இருக்க வேண்டுமல்லவா? பழைய ஒப்பந்தம் தடுத்தது அதைத்தான்.

1961 ஜூன் 14-ஆம் நாள் நாஷ்வில்லில் நடந்த கார் விபத்தில் அவர் முன்கண்ணாடியில் மோதித் தூக்கி எறியப்பட்டார். நெற்றியில் ஆழமான வெட்டு. உயிர் பிழைத்ததே பெரிது. அவர் உடல் தேறிவந்த ஆகஸ்டு மாதத்தில் ‘ஐ ஃபால் டு பீசஸ்’ முதலிடத்தை எட்டியது. அதே மாதம் 21-ஆம் நாள் ஊன்றுகோல்களுடன் ‘கிரேசி’ பாட வந்தார். விலா வலியால் உச்ச சுரங்களைப் பிடிக்க இயலவில்லை. அன்று இசைக்குழுவின் பகுதியை மட்டும் முடித்துக்கொண்டார்கள். சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து தம் குரலைப் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்கள், அந்த வலியின் சுவடு எங்கும் தெரியாது.

1963 மார்ச் 3-ஆம் நாள், விபத்தில் இறந்த வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குடும்பத்திற்கு நிதி திரட்ட கன்சாஸ் நகரில் பாடினார். மார்ச் 5-ஆம் நாள் ஊர் திரும்பும் வழியில், டென்னசி மாநிலத்தின் கேம்டன் அருகே அவர் சென்ற சிறு விமானம் மோசமான வானிலையில் விழுந்து நொறுங்கியது. பாடகர்கள் கௌபாய் கோபஸ், ஹாக்‌ஷா ஹாக்கின்ஸ், விமானத்தை ஓட்டிய அவருடைய மேலாளர் ராண்டி ஹியூஸ் ஆகியோரும் உடன் மாண்டனர். வீட்டில் அவருக்கு இரு குழந்தைகள் இருந்தனர்.

1973-இல் கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற முதல் தனிப் பாடகி என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. 1967-இல் வெளிவந்த அவருடைய ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. அதிலுள்ள 12 பதிவுகளும் 1960 நவம்பர் முதல் பாடப்பட்டவை. ‘வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்’ கூட, 1961-இல் அவர் புதிதாகப் பாடிய வடிவமே. அதாவது, உலகம் இன்று நினைவில் வைத்திருக்கும் பேட்சி கிளைன், ஏறக்குறைய 27 மாதங்களில் உருவானவர். அதற்கு முந்தைய ஐந்தாண்டு உழைப்பு அவருக்குப் பயிற்சியாக அமைந்தது என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், முப்பது வயதில் முடிந்துபோன வாழ்வில் ஐந்தாண்டு என்பது சிறிய தொகையா?

பட்டம் பெற்று வெளியேறும் நம் முன்னாலும் பல தாள்கள் நீட்டப்படும். வேலை ஒப்பந்தம், கடன் பத்திரம், உபகாரச் சம்பளத்திற்கான பிணை என்று அவை பல வடிவில் வரும். எவ்வளவு தருகிறார்கள் என்று பார்ப்பது இயல்பு. அதோடு நில்லாமல், எதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, எத்தனை ஆண்டுகளுக்கு நாம் கொடுத்துவிடுகிறோம் என்பதையும் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்போம்.