ஆலய வாசலில் நிறுத்தப்பட்ட கீர்த்தனைகள்



நத்தார் நெருங்கும் வேளைகளில் கல்குடா போன்ற கரையோர ஊர்களின் ஆலயங்களில் பாடகர் குழுவினருக்கிடையே சிறு பிணக்கு எழுவதை நீங்கள் அறிவீர்கள். பெரியவர்கள் தாங்கள் சிறுவயதில் மனப்பாடமாகக் கற்ற பாடல்களைக் கேட்பர். இளையோரோ கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் இசைந்த புதிய பாடல்களை நாடுவர். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்ட பின்னர், இலத்தீன் மொழியிலிருந்து தமிழுக்கு மாறிய தலைமுறையினர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அன்றும் சில முதியோர் மனம் நொந்தனர். ஆனால் இந்தப் பிணக்கு அதனினும் பழையது. தஞ்சாவூரில், லூத்தரன் மரபில் வளர்ந்த ஒருவருடைய வாழ்வையே அது புரட்டிப் போட்டது.

அவர் வேதநாயகம் சாஸ்திரியார். (நாவல் எழுதிய நம் கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொருவர்.) 1774 செப்டெம்பர் 7ஆம் நாள் பாளையங்கோட்டையில் பிறந்தார். தந்தை தேவசகாயம் முதலில் கத்தோலிக்கராகவே திருமறையைத் தழுவியவர். பின்னர் சீர்திருத்த சபையில் இணைந்து உபதேசியார் ஆனார். 1785இல் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் மகனைப் போல் வளர்த்தார். பிற்காலத்தில் தஞ்சையின் அரசரான சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர்.

அக்காலத்தில் தமிழ் லூத்தரன் ஆலயங்களில் ஒலித்தவை ஞானப்பாட்டுகள். பப்ரிசியுஸ் முதலான மிஷனரிமார் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, ஜெர்மானிய இராகத்திலேயே பாடுவித்தனர். பக்தி நிறைந்தவைதாம், ஆயினும் தமிழின் எடுப்பும் நிறுத்தமும் அந்த இராகத்துக்குள் நெருக்குண்டு கிடந்தன. இந்நிலையில் சாஸ்திரியார் பல்லவி, அனுபல்லவி, சரணம் என நம் மண்ணின் இசையிலே கீர்த்தனைகள் இயற்றினார். கோயில்களிலும் அரசவையிலும் வழங்கிய குறவஞ்சியை எடுத்து, பெத்லகேம் குறவஞ்சி ஆக்கினார். அதற்குள்ளே கோப்பர்நிக்கசின் வானியலையும் புகுத்தினார் என்றால், புதுமைக்கு அவர் அஞ்சியவர் அல்லர் என்பது விளங்கும் அல்லவா?

1820களில் தஞ்சைக்குப் புதிய மிஷனரிமார் வந்தனர். கீர்த்தனைகளின் இராகங்கள் அவர்களுக்குக் கோயிலையும் நாட்டியத்தையும் நினைவூட்டின. ஆகவே ஆலயத்தினுள் அவற்றைப் பாடலாகாது என்றனர். அதே வேளையில், மக்கள் கேட்டுப் பழகிய பப்ரிசியுஸின் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தும் முயற்சியும் நடந்தது. சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்து எழுதினார். தாய் மடியில் கேட்ட வேத வசனத்தை ஒரே நாளில் மாற்றினால் எளிய விசுவாசியின் செபம் தடுமாறும் என்ற அவரது அச்சத்தை, புதிய செப நூல் கையில் வந்த முதல் ஞாயிறை நினைத்துப் பார்ப்பவர் எளிதில் உணர்வர்.

ஆனால், அன்பர்களே, அவருடைய முறைப்பாடுகளில் இன்னொன்றும் இருந்தது. ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் கலந்து அமர வேண்டும், ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று அந்த மிஷனரிமார் வற்புறுத்தினர். வேளாளரான சாஸ்திரியார் அதையும் மரபை அழிக்கும் கொடுமை என்றே கருதினார். இதை மறைத்து அவருக்குப் புகழ்மாலை சூட்ட என் மனம் ஒப்பவில்லை. பாட்டை மாற்றுவதும் பந்தியை மாற்றுவதும் அவருக்கு ஒன்றாகவே தோன்றின. பாட்டு விடயத்தில் நியாயம் அவர் பக்கம். பந்தி விடயத்தில் நற்செய்தி மற்றவர் பக்கம். தமிழிசையை வாசலில் நிறுத்திய அந்த மிஷனரிமாரும் தம் பங்குக்கு அதே போல் இரண்டையும் குழப்பிக்கொண்டனர் என்றே எண்ணுகிறேன்.

1829இல் அவர் மிஷன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஐம்பத்தைந்தை நெருங்கும் வயது; குடும்பமோ பெரிது. பழைய தோழரான சரபோஜி மன்னர் அவரைத் தம் அவைப் புலவராக ஏற்று ஊதியம் அளித்தார். இந்து அரசரின் அவையில் கிறிஸ்தவப் புலவராகவே அவர் இருந்தார். 1832இல் மன்னர் மறைந்தபின் மீண்டும் வறுமை. ஆயினும் பாடுவதை நிறுத்தவில்லை. ஆலயத்துக்கு வெளியே, வீடுகளிலும் விழாக்களிலும் அவரது கீர்த்தனைகள் பரவின.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். மேலைநாட்டு மெட்டில் தடுமாறிய சபையார் தம் சொந்த இசையில் மனமுருகிப் பாடுவதை அவர் கண்டிருந்தார். அந்நூலில் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பல இடம்பெற்றன. எண்பதை நெருங்கிய கவிராயர் தம் பாடல்கள் வழிபாட்டு நூலாக வந்ததைக் கண்டார். 1864 ஜனவரி 24ஆம் நாள் தஞ்சையில் கண்மூடினார்.

இன்று தமிழ்நாட்டு லூத்தரன் ஆலயங்களில் ஜெர்மானிய ஞானப்பாட்டும் தஞ்சைக் கீர்த்தனையும் ஒருசேரப் பாடப்படுகின்றன. அங்கும் இளையோர் புதிய பாடல் கேட்கின்றனர். பெரியவர்களோ, ஒரு காலத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அதே கீர்த்தனைகளை, எங்கள் பழைய பாட்டு என்று உரிமையோடு கேட்டுப் பாடுகின்றனர்.