சகலாகம பண்டிதர் அருணந்தி சிவாசாரியரான வரலாறு

சந்தானகுரவர் நால்வருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியர், 13ஆம் நூற்றாண்டில் திருத்துறையூரில் ஆதிசைவ மரபில் விளங்கியவர். ஆகமங்களனைத்தையும் ஓதியுணர்ந்தமையின் சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்றார்.

பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்கு அவரே குலகுரு. மகப்பேறின்றி வருந்திய களப்பாளர் தம்மை அடைந்தபோது, தேவாரத் திருமுறையை அருச்சித்துக் கயிறு சாத்திப் பார்க்கச் செய்தார்; திருஞானசம்பந்த சுவாமிகளின் திருவெண்காட்டுப் பதிகம் உதயமாயிற்று. களப்பாளரும் மனைவியாரும் திருவெண்காடு சென்று முக்குளத்தில் நீராடி வழிபட்டுச் சுவேதவனப்பெருமாளைப் பெற்றனர். அக்குழந்தையே திருவெண்ணெய்நல்லூரில் மாமன் மனையில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவர்பால் ஞானோபதேசம் பெற்று, மெய்கண்டாராயிற்று. பண்டிதர் வழிகாட்டப் பிறந்த பிள்ளை என்னும் இவ்வுறவை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின் நிகழ்ந்ததன் கூர்மை இதனாலேயே விளங்கும்.

மெய்கண்டார் இளமையிலேயே மாணாக்கர்க்குச் சிவஞானபோதப் பொருளை உரைத்து வரலானார். பண்டிதரிடம் பாடங் கேட்டோரும் ஒவ்வொருவராக அங்குச் செல்வாராயினர். குலகுருவாகிய தம்மை வந்து காணாத சிறுவன் தம் மாணாக்கரை ஈர்ப்பதா என்று பண்டிதர் வெகுண்டார் என்ப.

ஈண்டு நாம் சிறிது நின்று நோக்குவோம். அப்பிள்ளை கூறும் பொருள் ஆகமத்தோடு மாறுபடுகின்றதா என்பதன்றோ பண்டிதர் முதலில் ஆராயத்தக்கது? அதனை ஆராயுமுன்னரே சினம் முந்திக்கொண்டது. பல்லாண்டு வருந்தி ஓதிய பொருள் ஓதினவனோடு ஒன்றிவிடுகின்றது. அதனை ஒருவன் தொட்டால் தன்னையே தொட்டதாக அவன் துடிக்கின்றான். இது பண்டிதர் ஒருவர்க்கே உரியதன்று. ஒரு சூத்திரத்தின் உரைபற்றி நம் சபைகளில் வழக்கு நிகழுங்கால், தடை நிகழ்த்துவோன் கூறும் பொருளை விடுத்து, அவன் யார்பாற் கற்றான் என்று வினவும் பழக்கம் நமக்கும் உண்டு.

பண்டிதர் திருவெண்ணெய்நல்லூர் சென்றார். மெய்கண்டார் அப்போது ஆணவமலத்தின் இயல்பை மாணாக்கர்க்கு விளக்கிக்கொண்டிருந்தார், எழுந்து வரவேற்றிலர். ஆணவத்தின் வடிவம் யாதெனப் பண்டிதர் நின்றவாறே வினவினார். மெய்கண்டார் வாய் திறவாது, நின்றவரையே சுட்டினார்.

செருக்குற்றவரைச் செருக்கின் வடிவமெனக் காட்டினார் என்று இதற்குப் பொருள் கூறுவாருளர். அது போதாது. செருக்காகத் தோன்றும் அகங்காரம் மாயையின் காரியமாகிய தத்துவங்களுள் ஒன்று; ஆணவமோ உயிரை அநாதியே மறைத்து நிற்கும் மூலமலம். இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும், மலம் தன்னையுங் காட்டாது என்பது திருவருட்பயன் தரும் வேற்றுமை. அங்ஙனமாயின், பண்டிதர் தாம் சினத்தால் வந்ததை அறியார். ஆகமத்தைக் காக்க வந்ததாகவே எண்ணியிருப்பர். அவ்வறியாமையே சுட்டப்பட்டது. மலவிலக்கணம் முழுவதுங் கற்றிருந்தவர்க்கு மற்றோர் இலக்கணம் கூறிப் பயனென்னை?

பண்டிதர் அக்கணமே அடியில் வீழ்ந்தார். மெய்கண்டார் ஆட்கொண்டு அருணந்தி என்னும் தீக்ஷாநாமம் அளித்தார்.

இதன்பின் அவர் இயற்றிய நூல்கள் இரண்டு. இருபா இருபஃதில், குரோதம், மதம், நகை முதலிய எட்டும் ஆணவத்தின் குணங்களென ஆசிரியர் உணர்த்தியதை எடுத்துரைக்கின்றார். சினத்தோடு நகையும் உடன் எண்ணப்பட்டது நோக்கத்தக்கது. மாற்றாரைச் சினவாதாரும் நகைத்து ஒதுக்குதல் உண்டன்றோ? சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாக 14 மதங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் முதற்கண் அம்மதத்தார் கூறுமாறே நிறுவி, அதன் பின்னரே மறுக்கின்றார். உலகாயதன்பால் அவர் காட்டும் எள்ளலை நாம் மறைக்கவேண்டுவதில்லை. அது சிறிது மிகையென்றே நமக்குத் தோன்றுகின்றது. ஆயினும், எதிரியின் கூற்றைக் குறைத்துரைத்து எளிதில் வெல்லும் வழியை அவர் மேற்கொண்டிலர்.

அருணந்தியார்பால் மறைஞானசம்பந்தரும், அவர்பால் உமாபதி சிவாசாரியரும் உபதேசம் பெற்றனர். உமாபதியார் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணம், இம்முறையையே சைவத்துக்கு அணுக்கமாய் நின்ற வாதங்களின்மேலும் செலுத்தியது.