ஒரு நூல் கயிற்றை நம்பிக் குதித்தவர்



பாரசூட் என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஹீரோ விமானத்தில் இருந்து குதிப்பார், படக்கென்று குடை விரியும், சட்டை கசங்காமல் வந்து நிற்பார். ஆனால் பாரசூட்டில் குதித்த முதல் இந்தியர் யார் என்று கேட்டால், பொது அறிவுப் போட்டிக்குப் போகிறவர்களுக்குக்கூட பதில் வராது. அவர் பெயர் ராம் சந்திர சட்டர்ஜி. வங்காளத்தில் அவரைத் தெரியும். நம்ம நாஞ்சில் நாட்டுக்கு அவர் பெயர் இன்னும் வந்து சேரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் கல்கத்தாவைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் வங்காளிகள் உடம்பில் பலம் இல்லாதவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் கேலி பேசுவார்களாம். அதை மாற்றத்தான் நபகோபால் மித்ரா என்பவர் உடற்பயிற்சிக் கூடங்களைத் தொடங்கினார், நேஷனல் சர்க்கஸ் என்று ஒரு சர்க்கஸும் நடத்தினார். ராம் சந்திரர் அதில் வித்தை காட்டியவர். கம்பியில் தொங்குவதும் உயரத்தில் தாவுவதும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

1889 மார்ச் மாதம் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவுக்கு வந்தார். பலூனில் மேலே போய் பாரசூட்டில் இறங்கிக் காட்டுவது அவர் தொழில். குதிரைப் பந்தய மைதானத்தில் ஒரே ஜனக்கூட்டம். ஆனால் பலூனுக்கு வேண்டிய அளவு வாயு ஏறவில்லை. ஆளையும் தூக்கி பாரசூட்டையும் தூக்குகிற சக்தி அதற்கு இல்லை. வேறு யாராக இருந்தாலும் காட்சியை ஒத்திப் போட்டிருப்பார்கள். ஸ்பென்சர் என்ன செய்தார் தெரியுமா? கூடையைக் கழற்றிப் போட்டார், பாரசூட்டையும் கழற்றிப் போட்டார், வெறும் கயிற்றில் உட்கார்ந்து மேலே போய்விட்டார்! காற்று அவரை சுந்தரவனச் சதுப்புக் காட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஆள் செத்துப்போனார் என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். மூன்று நாள் கழித்து உயிரோடு வந்து சேர்ந்தார். இது எனக்கு தைரியமாகத் தெரியவில்லை. பாரசூட் காட்ட வந்தவர் பாரசூட்டை விட்டுவிட்டுப் போனால் அதுக்கு என்ன பேர் வைப்பது?

இதெல்லாம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராம் சந்திரர் அதே ஸ்பென்சரிடம் போய் எனக்கும் கற்றுத் தாருங்கள் என்று நின்றார். 1889 ஏப்ரல் 10-ஆம் தேதி இரண்டு பேரும் ஒரே பலூனில் ஏறினார்கள். இப்போது டேண்டம் என்று சொல்லி, பயிற்சியாளர் தன் உடம்போடு புது ஆளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்தில் இருந்து குதிக்கிறார்களே, அது 1980-களில் வந்தது. ஆனால் முதல் தடவை தெரிஞ்ச ஆளோடு போ, அப்புறம் தனியாகப் போ என்ற முறை அப்பவே இருந்திருக்கிறது. மே 4-ஆம் தேதி ராம் சந்திரர் தனியாக ஏறினார். பலூனின் பெயர் சிட்டி ஆஃப் கல்கத்தா. ஏறிய இடம் நாரிகேல்டாங்கா. தெருவிளக்கு எரிக்கும் வாயுவைத் தயாரித்த ஓரியண்டல் கேஸ் கம்பெனி அங்கேதான் இருந்தது. ஸ்பென்சருக்கு வாயு போதாமல் போனதைப் பார்த்துத்தான் வாயு பிறக்கிற இடத்துக்கே போய்விட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். நல்ல யோசனை!

அடுத்த வருஷம், 1890 மார்ச் 22-ஆம் தேதி டிவோலி தோட்டத்தில் இருந்து பலூனில் ஏறி பாரசூட்டில் குதித்தார். பத்திரமாக இறங்கினார்.

ஒரு வரியில் எழுதிவிட்டேன். ஆனால் அந்தக் கால பாரசூட் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த ஒரு வரியின் பயம் புரியும். பை கிடையாது. துணி பலூனின் பக்கத்தில் தொங்கும். அதன் உச்சியை ஒரு மெல்லிய கயிற்றால் பலூனில் கட்டியிருப்பார்கள். குதிக்கிறவர் எடையில் அந்தக் கயிறு அறுந்து, காற்று புகுந்து துணி விரிய வேண்டும். கயிறு மெல்லிசாக இருந்தால் முன்னாலேயே அறுந்துவிடும். தடித்துவிட்டால் அறுக்காது. துணி ஈரமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கயிறுகள் முறுக்கிக்கொண்டால் குடை பாதிதான் விரியும். தோவாளையில் பூ கட்டுகிற அக்காமாரிடம் கேளுங்கள், ஒரு நார் சிக்கினால் மாலையே நின்றுவிடும் என்பார்கள். அவர்கள் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டலாம். வானத்தில் அவிழ்க்க ஏது நேரம்? அவரிடம் இரண்டாவது பாரசூட்டும் கிடையாது.

1894-இல் ஜெர்மனியில் லாட்டெமன் என்பவர் பாரசூட் விரியாமல் விழுந்து இறந்தார். அதே பலூனில் போய்க் குதித்த கேத்தே பவுலஸ் என்ற பெண் அதைக் கண்ணால் பார்த்தார். அவர் தையல் தெரிந்தவர். அப்புறம் துணியை ஒழுங்காக மடித்துப் பையில் வைக்கும் பாரசூட்டைச் செய்தார். முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு ஏழாயிரம் பாரசூட் வரை செய்து கொடுத்தார். நம்ம அம்மாமார் சேலைக்குக் கொசுவம் வைப்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் மடிப்பு. ஒரு மடிப்பு மாறினால் சேலை அழகு கெடும். இங்கே மாறினால் கயிறு குடைக்கு மேலே ஏறிக்கொள்ளும். இப்போது டேண்டத்தில் குதிப்பவர்கள் முதலில் ஒரு சின்ன பாரசூட்டை விட்டு வேகத்தைக் குறைப்பார்கள். பெரியது சிக்கினால் அதைக் கழற்றி விட்டுவிட்டு இரண்டாவதை விரிப்பார்கள். அந்த இரண்டாவதை உரிமம் பெற்றவர்தான் மடிக்க வேண்டும். மடித்து, சீல் வைத்து, அட்டையில் கையெழுத்தும் போட வேண்டும்.

ராம் சந்திரர் காலத்துக்கே திரும்புவோம். அவரைச் சுற்றி என்னென்ன நடந்தது என்று பாருங்கள். 1891 டிசம்பரில் பம்பாயில் மான்ஸ்ஃபீல்டு என்ற கடற்படை அதிகாரி பாரசூட்டில் குதிக்க பலூனில் ஏறினார். பலூன் கிழிந்து, விழுந்து இறந்தார். 1892 மார்ச்சில் டாக்காவில் நவாப் அஹ்சனுல்லா அழைத்து வந்த ஜெனட் வான் டாசல் என்ற அமெரிக்கப் பெண் குதித்தார். குடை நன்றாகவே விரிந்தது. ஆனால் காற்று தள்ளியதால் உயரமான மரத்தில் மாட்டிக்கொண்டார். ஆரல்வாய்மொழிக் காற்றை அறிந்த நமக்கு இது புதுசில்லை. இறக்குவதற்கு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி நீட்டினார்கள். அதில் இறங்கும்போது விழுந்து, இரண்டு நாளில் இறந்துபோனார். அந்த அக்காவை நினைத்தால் எனக்கு ஆத்தாமையாக இருக்கிறது. வானத்தில் தப்பித்து மரத்தடியில் போய்விட்டார்.

இந்தச் செய்திகள் எல்லாம் ராம் சந்திரர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது. தொழிலை அவர் விடவில்லை. பலூனில் ஏறிக்கொண்டேதான் இருந்தார். கடைசியில் பலூன் தரை இறங்கும்போது நடந்த விபத்தில் பலத்த காயம் பட்டது. அதில் இருந்து தேறவில்லை. 1892 ஆகஸ்ட் மாதம் இறந்துபோனார். ஸ்பென்சரோடு முதன்முதலில் ஏறிய நாளில் இருந்து எண்ணிப் பார்த்தால் மூன்று வருஷமும் நாலு மாசமும்தான்.