ஜெய்பால் சிங் முண்டா

ஓராங் அஸ்லி என்னும் மலாய்த் தொடருக்கு ஆதி மக்கள் என்பது பொருள். இந்தியாவில் வழங்கும் ஆதிவாசி என்ற சொல்லும் ஏறத்தாழ அதையே குறிக்கும். அந்தச் சொல்லுக்காக அரசியல் நிர்ணய சபையில் போராடியவர் ஜெய்பால் சிங் முண்டா.

இவர் 1903ஆம் ஆண்டு, ராஞ்சி நகருக்கு அருகிலுள்ள தக்ரா என்னும் சிற்றூரில், முண்டா பழங்குடியில் பிறந்தார். சிறுவயதில் மாடு மேய்த்தார். பின்னர், ராஞ்சியில் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் நடத்திய தூய பவுல் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய திறமையைக் கண்ட தலைமையாசிரியர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்ஃபோர்டில் பொருளியல் பயின்ற ஜெய்பால், ஹாக்கித் திடலிலும் பெயர் பெற்றார்.

இந்தியாவின் உயர்ந்த அரசுப் பணியான ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமையேற்க அழைப்பு வந்தது. விடுப்புக் கிடைக்கவில்லை. இருந்தும் சென்றார். இறுதியாட்டத்திற்கு முன்பே அவர் அணியைவிட்டு விலகிவிட்டார். எனினும், அந்த அணி 29 கோல்கள் அடித்து, ஒரு கோலும் விடாமல் தங்கம் வென்றது. திரும்பி வந்தவரிடம் பயிற்சியை ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றார்கள். அவர் அந்தப் பணியையே உதறினார். பிறகு சில காலம் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஆசிரியராக இருந்தார்.

ராஞ்சிக்குத் திரும்பியபோது, தம் மக்கள் பிரிந்து கிடப்பதைக் கண்டார். கிறிஸ்தவரான பழங்குடியினர் ஒருபுறம். முன்னோர் வழிபாட்டைக் கைவிடாதவர்கள் மறுபுறம். கிறிஸ்தவர்களுக்குள்ளும் திருச்சபைக்கு ஒரு பிரிவு. நிலத்தை இழந்து வந்தவர்களோ எல்லாரும்தான். 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்ற ஜெய்பால், தாமே கிறிஸ்தவராக இருந்தும், சமயம் கேட்காமல் அனைவரையும் அதில் சேர்த்தார். இது ஒலிம்பிக் பதக்கத்தைவிடக் கடினமான வேலை எனலாம்.

1946இல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். பழங்குடியினர் காலங்காலமாகச் சமத்துவத்தோடு வாழ்பவர்கள் என்றும், மக்களாட்சியை அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்றும் வாதிட்டார். 1948 ஜனவரி 1ஆம் நாள், தங்கள் பகுதியை ஒரிசாவோடு இணைப்பதை எதிர்த்து, கர்சவானில் ஆதிவாசிகள் பெருந்திரளாகக் கூடினர். ஜெய்பாலின் உரையைக் கேட்கவும் அவர்கள் காத்திருந்தனர். அவர் வந்து சேரவில்லை. காவலர்கள் சுட்டதில் பலர் மாண்டனர். அதன் பின்னரும் அவர் மன்றத்தைவிட்டு வெளியேறவில்லை. சட்டத்தின் வழியாகவே உரிமை கேட்டார். ஆதிவாசி என்ற சொல்லை அரசமைப்பில் இடம்பெறச் செய்ய அவரால் இயலவில்லை. ஆனால், பழங்குடியினருக்குச் சட்டமன்றத்திலும் அரசுப் பணியிலும் இட ஒதுக்கீடு கிடைத்தது.

தனி மாநிலம் கோரிய அவருடைய ஜார்க்கண்ட் கட்சி, 1952இல் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்தது. 1963இல் அவர் அதைக் காங்கிரசோடு இணைத்தபோது, தொண்டர்கள் பலர் மனம் கசந்தனர். அவர் 1970இல் மறைந்தார். ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாளில்.