தீயை விட்டு ஓடாத விட்டில்

பழைய லாரி டர்போசார்ஜரை வாங்கி, அதுக்கு ஒரு கம்பஷன் சேம்பரை வெல்டிங் பண்ணி, குட்டி ஜெட் இன்ஜின் செய்யற வீடியோவை நீங்க ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. ப்ளோயர்ல காத்து ஊதுவாங்க, எரிபொருளைத் திறந்து பத்த வைப்பாங்க, டர்பைன் விசில் அடிக்கும், எல்லாரும் கை தட்டுவாங்க. வீடியோல காட்டாத பகுதி ஒண்ணு இருக்கு. முதல் தடவை பத்தாம போன எரிபொருள் சேம்பர் அடியில தேங்கும். அடுத்த தடவை பத்த வைக்கும்போது மொத்தமும் சேர்ந்து எரியும்.

எங்க டீம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தான் எடுத்தோம். ஊத்தினது மண்ணெண்ணெய். ரெண்டாவது ட்ரையல்ல பின்பக்கமா தீ சீறினப்ப நாலு பேரும் ஓடிட்டோம். ஒருத்தன் செருப்பையே விட்டுட்டு ஓடினான். அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சப்பதான் தெரிஞ்சுது, கிட்டத்தட்ட இதே தப்பு 1937-லயே இங்கிலாந்துல நடந்திருக்கு. அங்கேயும் எல்லாரும் ஓடியிருக்காங்க, ஒருத்தரைத் தவிர. அவர் பேரு ஃபிராங்க் விட்டில். நம்ம ஊர் விட்டில் பூச்சிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் பேர் பொருத்தம் பாருங்க!

விட்டில் பிறந்தது 1907 ஜூன் 1, கவென்ட்ரி நகரத்துல. அப்பா ஒரு மெக்கானிக். பையனுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது குடும்பம் லீமிங்டன் ஊருக்குப் போச்சு. அங்கே அப்பா வால்வு, பிஸ்டன் ரிங் செய்யற சின்ன பட்டறை ஒண்ணை வாங்கினார். சில லேத்து, ஒரு ஒற்றை சிலிண்டர் கேஸ் இன்ஜின், அவ்வளவுதான். பையன் மெஷின் வேலை கத்துக்கிட்டது அங்கேதான். மீதி நேரம் லைப்ரரி.

விமானப்படையில சேரணும்னு ஆசை. எழுத்துத் தேர்வுல பாஸ். மருத்துவப் பரிசோதனையில ஃபெயில். காரணம், உயரம் வெறும் 5 அடி, மார்பளவும் போதலை. உடற்பயிற்சி பண்ணி உயரத்தையும் மார்பளவையும் கூட்டிட்டு மறுபடி போனா, ஒரு தடவை நிராகரிச்ச ஆளை எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. இவர் என்ன பண்ணார்னா, முதல் தடவை வர்ற ஆள் மாதிரியே திரும்ப விண்ணப்பிச்சு உள்ளே நுழைஞ்சுட்டார். 1923-ல கிரான்வெல்ல அப்ரென்டிஸ். மூணு வருஷம் கழிச்சு அதே கிரான்வெல்லோட அதிகாரிகள் கல்லூரிக்குத் தேர்வான சில அப்ரென்டிஸ்கள்ல இவரும் ஒருத்தர்.

அங்கே 1928-ல எதிர்கால விமானங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். வேகமாப் போகணும்னா காத்து மெல்லிசா இருக்கற உயரத்துக்குப் போகணும். ஆனா அந்த உயரத்துல பிஸ்டன் இன்ஜினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் மூச்சு முட்டும். அப்போ என்னதான் வழி? அடுத்த வருஷம் விடை கிடைச்சுது. கம்ப்ரசர் காத்தை அமுக்கும், அதுல எரிபொருள் எரியும், வெளியே பாயற சூடான வாயு வழியில ஒரு டர்பைனைச் சுத்தும், அந்த டர்பைன் அதே ஷாஃப்ட்ல இருக்கற கம்ப்ரசரைச் சுத்தும். மிச்சம் இருக்கற வேகம்தான் விமானத்தைத் தள்ளும். டர்போசார்ஜர் ஜெட் செய்யறவங்க நம்பறதும் இதே கணக்கைத்தான். அப்போ விட்டிலுக்கு வயசு 22.

விமான அமைச்சகத்துக்கு எடுத்துட்டுப் போனார். அங்கே இதைப் பார்த்தவர் ஏ. ஏ. கிரிஃபித். டர்பைன் ஆராய்ச்சியில அவரே பெரிய ஆள். விட்டிலோட கணக்குல ஒரு தப்பைக் கண்டுபிடிச்சார். அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்கற உலோகமும் அப்போ இல்லை. பதில்: வேண்டாம். இங்கே ஒண்ணு கவனிக்கணும். தப்பு நிஜமாவே இருந்துச்சு. அவங்க முட்டாள், இவர் மேதைன்னு கதையை முடிச்சுட முடியாது. விட்டில் கணக்கைத் திரும்பப் போட்டார், 1930 ஜனவரியில காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். அரசாங்கம் அதை ரகசியமா வெச்சுக்கக்கூட நினைக்கலை. யார் வேணும்னாலும் படிக்கலாம்னு வெளியிட்டுட்டாங்க.

1935-ல அந்தக் காப்புரிமையைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்டணும். அமைச்சகம் கட்டாதுன்னு சொல்லிடுச்சு. கல்யாணம் ஆகி, பிள்ளைகுட்டியோட, அதிகாரி சம்பளத்துல இருந்த விட்டிலாலயும் முடியலை. காப்புரிமை காலாவதி ஆயிடுச்சு. நம்ம அரியர் ஃபீஸ் மாதிரி ஒரு தொகைதான்!

அப்போ அவர் கேம்பிரிட்ஜ்ல படிச்சுட்டு இருந்தார். விமானப்படையே அனுப்பி வெச்ச படிப்பு, ரெண்டு வருஷத்துல முதல் வகுப்பு. நடுவுல பழைய நண்பர் ரோல்ஃப் டட்லி-வில்லியம்ஸ்கிட்ட இருந்து ஒரு கடிதம். பணம் திரட்டலாம் வா! அவரும் டின்லிங்னு இன்னொரு நண்பரும் சேர, 1936-ல பவர் ஜெட்ஸ் கம்பெனி பிறந்தது. பணம் கொஞ்சம்தான். விட்டில் படைப்பணியில இருந்ததால, வாரத்துக்கு 6 மணி நேரத்துக்கு மேல இந்த வேலை பார்க்கக் கூடாதுன்னு நிபந்தனை வேற. அதை அவர் எந்த அளவுக்கு மதிச்சிருப்பார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்ஜினைச் செய்து தந்தது ரக்பி ஊர்ல இருந்த பிரிட்டிஷ் தாம்சன்-ஹூஸ்டன் தொழிற்சாலை. 1937 ஏப்ரல் 12 அன்னைக்கு முதல் ஓட்டம். மோட்டார் வெச்சு சுத்தினாங்க, பத்த வெச்சாங்க, விட்டில் மெயின் வால்வைத் திறந்தார். இன்ஜின் அலறிக்கிட்டு வேகம் எடுத்துச்சு. வால்வை மூடினார். வேகம் குறையலை, ஏறிக்கிட்டே போச்சு! கம்பஷன் சேம்பர்ல அங்கங்கே செக்கச்செவேல்னு சிவந்துது. சுத்தி நின்னவங்க சிதறி ஓடினாங்க. விட்டில் மட்டும் நின்ன இடத்துலயே நின்னார். வீரத்துல இல்லை. பயத்துல கால் நகரலைன்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். கொஞ்ச நேரத்துல இன்ஜின் தானா அடங்கிடுச்சு.

காரணம்? ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே எரிபொருள் கசிஞ்சு சேம்பர் அடியில குளமா தேங்கியிருக்கு. வால்வை மூடினாலும் அந்தக் குளம் எரிஞ்சு தீர்ற வரைக்கும் இன்ஜின் ஓடும். தேங்காம வெளியேற ஒரு வடிகால் வெச்சாங்க. அடுத்த சோதனைக்குப் போனாங்க.

கதையில பெரும்பாலான பகுதி இந்த மாதிரிதான். எரிதல் சரியா நடக்காது. 1938-ல சோதனைக்கூடத்தை லட்டர்வொர்த்துல மூடிக் கிடந்த ஒரு வார்ப்பட ஆலைக்கு மாத்தினாங்க. அதே வருஷம் டர்பைன் பிளேடு உடைஞ்சு இன்ஜினே நாசமாச்சு. புதுசு வாங்கக் காசில்லாததால பழைய பாகங்களையே எடுத்துத் திரும்பக் கட்டினாங்க. ஒரே பெரிய சேம்பருக்குப் பதிலா 10 சின்ன சேம்பர் வெச்சுப் பார்த்தாங்க. 1939 ஜூன் கடைசியில அமைச்சக அதிகாரி நேர்ல வந்து ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் விமானத்துல வைக்கற இன்ஜினுக்கு ஆர்டர் வந்துது. அதே ஆகஸ்ட் 27-ல ஜெர்மனியில ஹான்ஸ் ஃபான் ஓஹைனோட இன்ஜின் பொருத்தின ஹைங்கல் 178 பறந்தே பறந்துடுச்சு. முதல் ஜெட் விமானம் அதுதான். விட்டில் ரெண்டாமிடம்கூட இல்லாம போயிருக்கலாம், ஆனா நிறுத்தலை.

1941 மே 15 சாயங்காலம், பழைய கிரான்வெல்லயே, கெர்ரி சேயர் ஓட்டின க்ளாஸ்டர் இ.28/39 விமானம் 17 நிமிஷம் பறந்துது. யோசனை வந்து 12 வருஷம். அந்த இன்ஜின் அமெரிக்காவுக்கும் போச்சு, அங்கே ஜெனரல் எலக்ட்ரிக் அதை வெச்சுத்தான் ஜெட் இன்ஜின் தொழிலை ஆரம்பிச்சுது.

இதுக்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லணும், இல்லேன்னா இது மோட்டிவேஷன் போஸ்டர் ஆயிடும். தூக்கமில்லை, ஓயாத சிகரெட், முழிச்சு இருக்க மாத்திரை. நரம்புத் தளர்ச்சியால பல தடவை மருத்துவமனை. 1944-ல அவரோட கம்பெனியை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. 1948-ல உடல்நலக் காரணத்தால படையில இருந்து ஓய்வு. அதே வருஷம் சர் பட்டமும் 1 லட்சம் பவுண்டு பரிசும் வந்துது. 1976-ல அமெரிக்கா போனார். போட்டியா நினைச்சிருக்க வேண்டிய ஓஹைனோட நண்பரானார். 1991-ல ரெண்டு பேருக்கும் சேர்த்து டிரேப்பர் பரிசு கிடைச்சுது. 1996 ஆகஸ்ட்ல இறந்தார். அஸ்தி திரும்பி வந்தது கிரான்வெல்லுக்கு.

22 வயசுல ஐடியா வர்றது பெரிய விஷயமா எனக்கு இப்போ தோணலை. நம்ம ஹாஸ்டல்லயே ராத்திரி ரெண்டு மணிக்குப் பத்து ஐடியா வரும். ஏப்ரல் 12-க்கு அடுத்த நாள் திரும்பவும் அந்த ஷெட்டுக்குள்ள போறதுதான் பெரிய விஷயம்.

நாங்களும் எங்க சேம்பர் அடியில ஒரு ஓட்டை போட்டு, குழாயும் வால்வும் வெச்சிருக்கோம். அணைக்கற சாதனம் பக்கத்துலயே இருக்கு, மணல் வாளியும் இருக்கு. வர்ற சனிக்கிழமை மூணாவது ட்ரையல். செருப்பை விட்டுட்டு ஓடினவன் இந்தத் தடவை ஷூ போட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.