எழுபது ரூபாய் ரேடியோ – ஜி.டி. நாயுடுவின் கதை

விஞ்ஞானி என்றாலே நம்மில் பலருக்கு எடிசன், மார்க்கோனி என்று கடல் கடந்த பெயர்கள்தான் வாயில் வருகின்றன. லப்பைக்குடிக்காட்டில் காலையில் பஸ் ஏறினால் பெரம்பலூர், திருச்சி, கரூர் என்று மாறி மாறிப் போய் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம், அந்தக் கோயம்புத்தூரில் ஒரு மனிதர் இருந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். பஸ் ஓட்டினார், மோட்டார் செய்தார், முகம் மழிக்கும் மெஷின் செய்தார், கார் செய்தார், ஒரு பாலிடெக்னிக்கே தொடங்க வைத்தார். அவர்தான் ஜி.டி. நாயுடு அவர்கள். அவரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் நம்ம இ.சி.இ. பிரிவுக்காரன் ஒருவன் எழுதினால் ரேடியோவைப் பற்றித்தான் அதிகம் எழுதுவான். பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவிடுவாராம். அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளியில் வாங்கிய அடிக்கு அது பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவரை மாற்றியது ஒரு வண்டி. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள். மாடு இல்லாமல், குதிரை இல்லாமல் தானே ஓடுகிற வண்டியைப் பார்த்ததும் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. அதை வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். டபராவும் டம்ளரும் தூக்கிய காசைச் சேர்த்து, அதே வண்டியை அந்த அதிகாரியிடமே விலைக்கு வாங்கினார். சரி, வாங்கியவர் என்ன செய்வார்? ஊரைச் சுற்றி வருவார். இவரோ அதை முழுசாகக் கழட்டிப் போட்டுவிட்டார்! ஒவ்வொரு சாமானாகக் கழட்டி, பார்த்து, திரும்ப மாட்டி ஓட வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அவர் படித்த பாலிடெக்னிக் அந்த ஒரு வண்டிதான்.

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். லாபம் வந்தது. பம்பாய் வரை போனார். அங்கே நஷ்டம் வந்தது, கைப்பணம் போனது. அதை இங்கே நீட்டவில்லை. ஊர் திரும்பியவருக்கு ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். 1920இல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். ஆனது. 1933 வாக்கில் சுமார் 280 பஸ்கள் அந்தப் பெயரில் ஓடின. ஓட்டலில் இலை எடுத்தவர் பதிமூன்று வருஷத்தில் அந்த நிலைக்கு வந்தார்.

அதோடு நின்றிருந்தால் அவர் ஒரு பஸ் முதலாளி, அவ்வளவுதான். அவருக்கு எதைப் பார்த்தாலும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கவேண்டும். வெளிநாடு போனார், ஒவ்வொரு ஊரிலும் தொழிற்சாலையைப் பார்த்தார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவிலேயே படம் பிடித்தார். சின்ன மோட்டாரில் ஓடும் ‘ரசாண்ட்’ என்ற ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் மெஷின் என்று பட்டியல் நீளும். 1937இல் டி. பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து செய்த மின்மோட்டார்தான் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று எழுதுகிறார்கள். கோவை வட்டாரத்துக் கிணற்றுமேட்டில் எல்லாம் பம்புசெட் மோட்டார் ஓடுகிறதே, அந்தத் தொழிலுக்கு அது ஒரு தொடக்கம்.

இப்போது ரேடியோவுக்கு வருவோம்.

1924இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி அவர்கள் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் அது 1927இல் நின்றது. பிறகு மாநகராட்சி கொஞ்ச காலம் நடத்தியது. 1938இல் சென்னையிலும் 1939இல் நம்ம திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. நிலையம் வந்தாயிற்று, கேட்பதற்குப் பெட்டி எங்கே? கப்பலில் வந்த செட்டுகள்தான். வசதியானவர் வீட்டுக் கூடத்தில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று கேட்கவேண்டும். இந்த நேரத்தில், 1941இல், நாயுடு அவர்கள் ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே செய்து எழுபது ரூபாய்க்குத் தரமுடியும் என்று அறிவித்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று மற்ற பிரிவு நண்பர்கள் கேட்கலாம். ஐந்து வால்வு என்றால் அது விளையாட்டு செட் இல்லை, முழு ரேடியோ. முதல் வால்வு ஏரியலில் வரும் அலையோடு செட்டுக்குள்ளேயே உண்டாகும் இன்னொரு அலையைக் கலந்து, எந்த நிலையமாக இருந்தாலும் ஒரே அலைவரிசைக்கு இறக்கிவிடும். பெரும்பாலான செட்டில் இது 455 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். இரண்டாவது வால்வு அதைப் பெரிதாக்கும். மூன்றாவது அதிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்கும். நான்காவது ஸ்பீக்கரை அசைக்கும் அளவு சக்தி கொடுக்கும். ஐந்தாவது வீட்டு ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்கி மற்ற நாலு பேருக்கும் சோறு போடும். இத்தனையும், கூடவே டிரான்ஸ்பார்மர், காயில், ஸ்பீக்கர், மரப்பெட்டி எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய்! அந்தக் கணக்கைப் போட்டவர் ஒவ்வொரு சாமானையும் கழட்டிப் பார்த்திருந்தால்தான் போட்டிருக்கமுடியும்.

எழுபது ரூபாய்க்கு ஊர் ஊராக ரேடியோ வந்துவிடவில்லை. குடிசை வரைக்கும் ரேடியோ போனது பின்னாளில் டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான். ஆனாலும் கோவையில் யு.எம்.எஸ். பெயரில் ரேடியோ தொழிற்சாலை நடந்தது. அந்த முத்திரை போட்ட வால்வு செட்டுகளைப் பழைய ரேடியோ சேர்ப்பவர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். வாங்கி அலமாரியில் வைப்பதற்கு மட்டும் இல்லை. பாட வைப்பதற்கு!

இங்கே கொஞ்சம் என் கதை. நானும் இரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலைதான் பார்க்கிறோம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். அவர்கள் அந்தக் காலத்தில் கொண்டு வந்த டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர்கள் பரணில் கிடக்கும். பெல்ட் இளகி தார் மாதிரி ஒட்டியிருக்கும், ஹெட்டில் அழுக்கு ஏறியிருக்கும். பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பாதி செட் பேசிவிடும். வால்வு ரேடியோ அப்படி இல்லை, அது உயிரோடு விளையாட்டு. உள்ளே 250 வோல்ட்டுக்குக் குறையாது. சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டென்சரில் கரண்ட் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்காமல் கை வைக்கக்கூடாது. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி.-டி.சி. செட்டில் அடித்தகடே ஷாக் அடிக்கும்.

பரணில் இருந்து இறக்கிய செட்டை நேராக பிளக்கில் சொருகுகிறவன் ரேடியோவைக் கொல்கிறவன். முதலில் ஒரு பழைய குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுக்கவேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், செட் தப்பிக்கும். பிறகு காகித கண்டென்சர்கள். எழுபது வருஷத்தில் எல்லாம் கசியும். அதிலும் மூன்றாவது வால்வுக்கும் நான்காவதற்கும் நடுவே இருக்கும் ஒன்று கசிந்தால் நான்காவது வால்வுக்குள் கரண்ட் கட்டுமீறி ஓடும். அது கொதிக்கும். கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். நாலைந்து ரூபாய் சாமானுக்காக, கிடைக்கவே கிடைக்காத சாமான் போகும். இதைக் கையால் தொட்டு, மீட்டரில் பார்த்துப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் வகுப்பில் படித்த கப்ளிங், பயாஸ் எல்லாம் எனக்கு விளங்கியது.

நாயுடு அவர்கள் கல்வியைப் பற்றி நினைத்ததும் இதைத்தான். 1945இல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் தொடங்கியது. ஆர்தர் ஹோப் அன்றைய சென்னை மாகாண கவர்னர். பின்னால் அது பொறியியல் கல்லூரியாக வளர்ந்து அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. நாயுடு அவர்களே முதல்வராக உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்புக்காரர் கல்லூரி முதல்வர்! ஆனால் ரொம்ப நாள் இல்லை. நாலு வருஷப் படிப்பு வீண், பட்டறையில் வேலையோடு சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருஷமே தாராளம் என்று அவர் சொன்னார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டார்.

இந்த ஒரு இடத்தில் எனக்கு அவரோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. பட்டறை முக்கியம் என்பது சத்தியம். நம்ம லேபில் ஒரு டிரெயினர் கிட்டை ஆறு பேர் சுற்றி நின்று பார்க்கிறோமே, அதை அவர் பார்த்திருந்தால் அன்றைக்கே ராஜினாமா செய்திருப்பார். ஆனால் சர்டிபிகேட் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்தது, அவர் சொந்த பஸ்ஸில் போனவர். எங்க வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்து கல்லூரி வாசல் மிதித்தவன் நான்தான் முதல் ஆள். அத்தாவுக்கு நான் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பது பிடிக்காது. கையில் ஈயக்கறை படாத வேலைக்குப் போகத்தானே படிக்க வைத்தது என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் கஷ்டப்பட்ட மாமாவைக் கேட்டால் காகிதத்தின் அருமை தெரியும். நாயுடு அவர்கள் சொன்ன இரண்டு வருஷத்தைவிட நம்ம மூன்று வருஷ டிப்ளமோ ஒரு வருஷம் அதிகம். அந்த ஒரு வருஷத்தில் கூடுதலாக ஒரு செட் கழட்டக் கிடைத்தால் எனக்கு வருத்தமே இல்லை.

1952இல் அவர் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை இரண்டாயிரம் ரூபாய் என்றார். அதைத் தயாரிக்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. ரேடியோவில் எழுபது ரூபாய், காரில் இரண்டாயிரம். அவர் புதுப்புது பொருளைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, அந்தப் பொருளை நம்ம விலைக்கு இறக்கப் பார்த்தார் என்பதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

ஜி.டி. நாயுடு அவர்கள் 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அவர் செய்த, சேர்த்த கருவிகள் கோவை அவிநாசி சாலையில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அதே சாலையில் சுமார் பத்து கிலோமீட்டர் நீள உயர்மட்டப் பாலத்துக்கு 2025 அக்டோபரில் அவர் பெயரை வைத்துத் திறந்தார்கள்.

எங்கள் கையில் இருக்கும் செட் எந்தக் கம்பெனி என்று தெரியாது, பெயர்த்தகடே இல்லை. கண்டென்சர்கள் மாற்றியாகிவிட்டது, மீடியம் வேவ் பேசுகிறது. பேண்ட் சுவிட்ச் மட்டும் உடைந்து சிற்றலை வரவில்லை. யார் வீட்டுப் பரணிலாவது பழைய வால்வு செட் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் இ.சி.இ. இரண்டாம் ஆண்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுவிட்ச் போதும். வால்வு இருந்தால் இன்னும் சந்தோஷம்.